கபசேலாவின் சனிக்கிழமை இழவுகள்

ம்லாலி மலைச்சரிவில் தாவரவியல் பூங்கா திறந்த நாளிலிருந்து ம்கிசே பெரியவரின் நண்பர்கள் வாரத்துக்கு ஒருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை விடிந்தால் போதும், கறுப்புக் கோட்டை உதறி மாட்டிக்கொள்வார். தொப்பியின் விளிம்பை முழங்கையால் துடைப்பார். பூண் போட்ட கைத்தடியை எடுத்துக்கொண்டு, "இழவுக்குப் போறேன்" என்று முற்றத்தைப் பார்த்துப் பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போவார். அந்தப் பக்கத்தில் யார் எந்தக் கிழமை கண்ணை மூடினாலும் மண்ணுக்குள் போவது சனிக்கிழமைதான். ஆகவே ஊரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மகள் ஃபிகிலேவுக்கு மட்டும் வந்தது. அவளுக்குச் சந்தேகம் வராத விஷயம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது.

"செத்தது யாருன்னு ஒரு நாளாவது பேர் சொன்னாரா அண்ணி?" என்றாள் அண்ணன் மனைவியிடம். "போன வாரம் கேட்டேன். 'உனக்குத் தெரியாது, வயசானவர்'னு சொல்லிட்டாரு. இந்த வேகத்துல போனா ஊர்ல ஒரு கெழவன் மிஞ்ச மாட்டான், பாத்துக்கோங்க."

"சும்மா இருடி, யார் காதுலயாவது விழப்போகுது" என்றாள் டெலிசிலே. சிரிப்பை அடக்கத் தோள்துணியின் நுனியைக் கடித்துக்கொண்டாள்.

டெலிசிலே அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. புது மருமகளை அங்கே மகோட்டி என்பார்கள். மகோட்டிக்குச் சட்டங்கள் உண்டு. தலையில் துணி கட்டியிருக்க வேண்டும், தோள் மூடியிருக்க வேண்டும், பாவாடை கணுக்காலைத் தொட வேண்டும். மாமனார் முகத்தை நேராகப் பார்க்கக் கூடாது. அவர் எதிரே வந்தால் பாதையை விட்டு இறங்கித் தலை குனிந்து நிற்க வேண்டும். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஃபிகிலேவிடம் சொல்வாள். பக்கத்திலேயே நிற்கிற அவருக்கு அது நன்றாகக் கேட்டிருக்கும். இருந்தாலும் ஃபிகிலே ஒரு தடவை திருப்பிச் சொல்வாள், அவரும் ஃபிகிலேவைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். இரண்டு பேருக்கும் நடுவில் ஃபிகிலே ஒரு தபால் நிலையம். அதுவும் வருகிற தபாலைப் பிரித்துப் படித்துச் சிரித்துவிட்டுக் கொடுக்கிற தபால் நிலையம்.

டெலிசிலேவுக்கு இந்தச் சட்டங்களின் மேல் பெரிய கோபம் ஒன்றும் இல்லை. அவளுடைய அம்மா அப்படித்தான் இருந்தாள், அத்தை இருந்தாள், இவளும் இருந்துவிட்டுப் போகிறாள். ஆனால் அவள் கல்லூரியில் செடிகொடி படித்தவள். படித்த படிப்பு வயிற்றுக்குள் கிடந்து பிறாண்டியது. புதுப் பூங்காவில் வழிகாட்டி வேலைக்கு ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டாள். சனிக்கிழமை வந்து ஒரு கூட்டத்தைச் சுற்றிக் காட்டு, பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று பதில் வந்தது.

டர்பன் துறைமுகத்தில் வேலை பார்க்கும் கணவன் லிண்டானியிடம் போனில் கேட்டாள். "பாபாகிட்ட கேளு. அவர் சரின்னா எனக்கும் சரி" என்று அப்பா தலையில் கட்டிவிட்டுப் போனை வைத்துவிட்டான். அவனுக்கென்ன, சொல்லிவிட்டுக் கப்பல் சாமான் இறக்கப் போய்விடுவான். மகோட்டி தலைத்துணி இல்லாமல், கால்சட்டை மாட்டிக்கொண்டு, ஊரே பார்க்க உரக்கப் பேசிச் சம்பாதிக்கப் போகிறாள் என்று எந்த வாயால் கேட்பது? கேட்டு அவர் 'கூடாது' என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் அப்புறம் அந்தக் கதவு திறக்காது. முதலில் வேலை கிடைக்கிறதா பார்ப்போம், கேட்பது அப்புறம் என்று முடிவு செய்தாள். பல்வலி, சனிக்கிழமை டாக்டரிடம் போகணும் என்று ஒரு பொய்யைப் புதன்கிழமையே விதைத்து வைத்தாள்.

அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டாள். தபால் போய்ச் சேர்ந்த அடுத்த நிமிடம் மாமனாரின் உத்தரவு வந்தது.

"மகோட்டிக்குக் கெட்டியா எதையும் குடுக்காதே. மக்காச்சோளக் கூழ் மட்டும். அதையும் தண்ணியாக் கரைச்சுக் குடு."

மறுநாள் பார்த்து அடுத்த வீட்டில் ஆடு அடித்தார்கள். ஒரு சட்டி கறி இந்த வீட்டுக்கும் வந்தது. ஃபிகிலே எலும்பை உறிஞ்சுகிற சத்தம் முற்றம் வரை கேட்டது. டெலிசிலே கூழை வைத்துக்கொண்டு கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வலி நிஜமாகவே இருந்தது, வயிற்றில்.

சனிக்கிழமை காலை பெரியவர் முதலில் கிளம்பினார். கேட் வரை போனவர் நின்றார்.

"பல்லுக்கு யார் கூடப் போறா?"

"தனியாத்தான் பாபா" என்றாள் ஃபிகிலே.

"ம்" என்றார். போய்விட்டார்.

பூங்காவின் சாமான் கொட்டகையில் டெலிசிலே உடை மாற்றிக்கொண்டாள். காக்கிக் கால்சட்டை, பச்சைச் சட்டை, ஒரு அளவு பெரிதான பூட்ஸ். தலைத்துணியை அவிழ்த்து மடித்துப் பைக்குள் வைத்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் முடி வெயிலைப் பார்த்ததே இல்லை. வெளியே வந்து காற்று தலையில் பட்டதும் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. ஓடவேண்டும் போலிருந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

பூங்காவுக்குப் பொறுப்பு பிரேமா கோவெண்டர். அந்த அம்மாளின் கொள்ளுத்தாத்தா அதே சரிவில் கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவர். கொள்ளுப்பேத்தி அந்தக் கரும்பை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு மரம் நட்டுக்கொண்டிருந்தார். நட்டது எல்லாம் போன மழைக்கு நட்டது. ஆகையால் பூங்காவில் மரத்தைவிடப் பெயர்ப்பலகைதான் பெரிதாக இருந்தது.

"பேர், ஊர், பூ பூக்கற மாசம் எல்லாம் பலகையே சொல்லிடும்" என்றார் பிரேமா. "வழிகாட்டிக்கு ஒரே ஒரு வேலைதான். கூட்டத்தைப் பாதையை விட்டு இறங்க விடக் கூடாது. ஒரு காலடி பட்டாக்கூட இந்தக் கன்னுங்க தாங்காது. நான் கடைசியில வர்றேன். நான் இருக்கறதா நெனச்சுக்காதே."

இல்லாததாக நினைத்துக்கொள்ளும் அளவுக்கு அவர் சிறிய உருவமும் இல்லை. கையில் பேனா வேறு வைத்திருந்தார்.

கூட்டத்தில் சர்ச்சின் சபைப் பெண்கள் ஒரு கொத்தாக வந்திருந்தார்கள். இரண்டு குடும்பங்கள், ஒரு வாத்தியார், மினி பஸ் ஓட்டும் ஒருவன். டெலிசிலே முதல் வார்த்தையாக, "யாரும் பாதையை விட்டு எறங்கக் கூடாது. யார் வந்தாலும் சரி, என்ன ஆனாலும் சரி" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

முதல் பலகையடியிலேயே மினி பஸ்காரன் ஆரம்பித்தான்.

"தங்கச்சி, மரம் எங்க? வெறும் பலகையா நட்டு வச்சிருக்கீங்க?"

"பலகைக்குக் கீழ பாருங்கண்ணே. உங்க முழங்கால் உயரத்துக்கு நிக்குதே, அதான் அத்தி. உங்க பொண்ணு கல்யாணத்துக்குப் பந்தலே வேண்டாம், இதுக்கடியில விருந்து வச்சிரலாம்."

"எனக்கே இன்னும் கல்யாணம் ஆகலையே."

"அப்ப ரெண்டும் மெதுவா வளரட்டும், அவசரம் இல்லை."

சபைப் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். பின்னாலிருந்து பிரேமாவும் சிரித்தார். கொஞ்சம் தள்ளி, யாரோ ஒரு ஆண் பிள்ளையும் பலமாகச் சிரித்தது கேட்டது. டெலிசிலே அதைக் கவனிக்கவில்லை. அவளுக்கு நாக்கு அவிழ்ந்துவிட்டது. மாதக்கணக்கில் தபால் நிலையம் வழியாகவே பேசிக்கொண்டிருந்தவள் அல்லவா! முழங்கால் உயரக் கன்று ஒவ்வொன்றையும் அவள் வானம் வரை வளர்த்துக் காட்டினாள். இல்லாத நிழலில் ஆட்களை நிறுத்தினாள், இல்லாத கிளையில் குருவிகளை உட்கார வைத்தாள். வாத்தியார் ஒரு இடத்தில் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பிறகு வெட்கப்பட்டுக்கொண்டார்.

அந்தச் சரிவில் நிஜமான பெரிய மரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கரும்புக்காரர்கள் வெட்டாமல் விட்டுவைத்த முருக்கமரம். ஒரு இலை இல்லாமல் உச்சி முழுக்கச் சிவப்பாகப் பூத்திருந்தது. அதனடியில் ஒரு பெஞ்சு. பெஞ்சில் ஒரு தொப்பி தெரிந்தது.

தொப்பியின் விளிம்பை யாரோ முழங்கையால் பளபளவென்று துடைத்திருந்தார்கள்.

தொப்பிக்குக் கீழே கறுப்புக் கோட்டு. கோட்டுக்குப் பக்கத்தில் பூப்போட்ட குடை. குடைக்குக் கீழே மாசிபியா. பஸ் நிலையத்தடியில் துணி தைக்கிற விதவை. அவள் சிரித்தால் பஸ் ஸ்டாண்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். இரண்டு பேர் கையிலும் ஐஸ்கிரீம். மாமனார் அதைக் கோவிலில் மெழுகுவத்தி பிடிப்பதுபோல் நெஞ்சுக்கு நேராக நிமிர்த்திப் பிடித்திருந்தார். அடிக்கடி செத்துப் போகிற அந்த வயதானவர் யார் என்பது ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

டெலிசிலே சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். "இப்ப குளத்துப் பக்கம் போகலாம்" என்றாள், எதிரே இருந்த கன்றிடம்.

"இந்த மரத்தைப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே?" என்றாள் சபைப் பெண் ஒருத்தி.

"இது முருக்கமரம். செவப்பாப் பூக்கும். பூத்திருக்கு. வாங்க."

பிரேமா பேனாவைத் திறந்தார்.

சும்மா போயிருந்தால் தப்பித்திருப்பாள். ஆனால் மாசிபியா கூட்டத்தைப் பார்த்துவிட்டாள். "எழுந்திரிங்க கபசேலா" என்றாள். ம்கிசே குலத்துப் பெரியவர்களை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அந்த வழிகாட்டிப் பொண்ணு என்னமாப் பேசுது! இப்பதானே கேட்டுக் கேட்டுச் சிரிச்சீங்க. வாங்க, நாமளும் போவோம். பின்னால நின்னா ஒண்ணும் கேக்காது, குறுக்கு வழியில முன்னால போயிருவோம்."

அவர் பாவம், வழிகாட்டிப் பெண்ணின் முதுகையும் கால்சட்டையையும் மட்டும்தான் பார்த்திருந்தார். ஐஸ்கிரீமைப் பிடித்துக்கொண்டு கூடவே கிளம்பினார்.

டெலிசிலே கிட்டத்தட்ட ஓடினாள். வழியில் இருந்த கன்றுகளின் பெயர்களை ஒரே மூச்சில் ஒப்பித்தாள். குளத்தைச் சுற்றி ஒற்றையடிப் பாதை வளைந்து போகிறது. ஒரு பக்கம் கோரை நட்ட சேற்றுப் பாத்தி, மறுபக்கம் மேடு. வளைவில் திரும்பியதும் எதிரே பூப்போட்ட குடை வந்தது. குடைக்குப் பின்னால் மாமனார்.

நேருக்கு நேர். கை நீட்டினால் தொடுகிற தூரம்.

பெரியவரின் முகத்தில் ஈயாடவில்லை. ஐஸ்கிரீம் உருகி அவர் கோட்டுக் கைக்குள் இறங்கியது. டெலிசிலேவுக்கு யோசிக்க நேரமில்லை. ஆனால் கால்களுக்கு யோசனை தேவைப்படவில்லை, பழகின கால்கள். மாமனார் எதிரே வந்தால் என்ன செய்யுமோ அதைச் செய்தன. கை பக்கத்துக் கன்றின் மேல் போர்த்தியிருந்த நிழல்வலையைப் பிடுங்கித் தலையோடு தோளோடு மூடிக்கொண்டது. கால் பாதையை விட்டு இறங்கியது.

இறங்கிய இடம் சேறு. முழங்கால் வரை உள்ளே போனாள்.

"டெலிசிலே! பாதை! பாதையை விட்டு..." என்று கத்திக்கொண்டு பிரேமா ஓடி வந்தார். கறுப்புக் கோட்டுப் பெரியவரையும், பச்சை வலையைப் போர்த்திக்கொண்டு தலை குனிந்து சேற்றுக்குள் நிற்கும் பெண்ணையும் பார்த்தார். அப்படியே நின்றார். அவரும் அந்த மண்ணில் பிறந்தவர்தான், யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வானத்தில் ஏதோ பறவை போவதுபோல் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்.

கூட்டத்துக்கும் புரிந்துவிட்டது. சபைப் பெண்கள் ஒருத்தி விடாமல் மேட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்கள். வாத்தியார் காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்தார், கட்டுகிற கயிறு இல்லாத காலணி அது. மினி பஸ்காரன் மட்டும் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தான். ஒரு பெண் அவன் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள்.

டெலிசிலே காலை இழுத்தாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இறங்கினாள். தொட்டுத் தூக்க மாமனாருக்கு வழியில்லை. கூப்பிட்டுக் கேட்க இவளுக்கு வழியில்லை.

அப்புறம் அவள் தோளருகே ஒரு கைத்தடி நீண்டு வந்தது. பூண் போட்ட கைத்தடி. பெரியவர் முகத்தை முழுக்க மேட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் குளத்துப் பக்கம் நீட்டியிருந்தார். டெலிசிலே முகத்தைக் குளத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு, பின்னால் துழாவி அதைப் பற்றிக்கொண்டாள். ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி, இரண்டு பேரும் தம் பிடித்து இழுத்தார்கள்.

"ஆழம் இல்லை" என்றார் பெரியவர், மேட்டிலிருந்த ஒரு கன்றைப் பார்த்து. "பயப்பட வேண்டாம்."

அவள் அந்த வீட்டுக்கு வந்த பிறகு தபால் நிலையம் இல்லாமல் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

சேறு ஒரு பெரிய சத்தத்தோடு அவளை விட்டது. பூட்ஸை விடவில்லை. ஒற்றைக் காலில் பூட்ஸும் ஒற்றைக் காலில் சேறுமாகப் பாதையில் ஏறினாள்.

மாசிபியாவுக்கு இவ்வளவு நேரம் கழித்துத்தான் விஷயம் பிடிபட்டது. காதோடு சொல்வதாக நினைத்துக்கொண்டு குளம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "இதுவா கபசேலா அந்தப் பல்வலி மகோட்டி? பாவம் வலியில ராத்திரி தூங்குதோ என்னமோன்னு, காலையில கிராம்பு வாங்கக் கடை கடையா என்னை இழுத்தடிச்சீங்களே, இதுக்கா?"

டெலிசிலே வலைக்குள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். பிடிபட்டதைவிட அந்தக் கிராம்புதான் அவளைச் சுட்டது. அழுகை வந்தது. இந்த மனிதர் தன்னை ஒரு நாளும் நினைத்திருப்பார் என்று அவள் எண்ணியதே இல்லை. அவளும் அவரை ஒரு தொப்பியாகவும் ஒரு 'ம்'மாகவும்தான் நினைத்து வைத்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது குடையும் கோட்டும் முருக்கமரத்தைத் தாண்டிப் போய்விட்டிருந்தன.

மிச்சப் பாதையை ஒற்றைப் பூட்ஸோடு முடித்தாள்.

"தங்கச்சி, அந்தச் சேத்துல நட்டீங்களே பூட்ஸு, அதுல என்ன மரம் முளைக்கும்?" என்றான் மினி பஸ்காரன்.

"ஒரு பலகை வச்சிட்டாத் தெரிஞ்சிரும்ணே" என்றாள்.

கூட்டம் போனதும் பிரேமா அருகில் வந்தார். பேனாவை மூடிப் பையில் செருகினார்.

"பாதையை விட்டு எறங்கின மொத ஆளு நீதான்."

"தெரியும் அக்கா."

"மிச்ச யாரையும் நீ எறங்க விடலை. அந்த வாத்தியார் இல்லாத மரத்தை அண்ணாந்து பாத்தாரே, அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்? திங்கக்கிழமை வந்துரு." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா வீட்டுல சொல்லிட்டு வரணும். பெரியவங்க மனசு கோணி ஒரு பொண்ணை இங்க வேலைக்கு வச்சேன்னா நாளைக்கு ஊர்ல யாரும் கேட்டைத் தாண்டி உள்ள வரமாட்டாங்க. அவர் சரின்னு சொல்லணும்மா."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் டெலிசிலே சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எந்த வார்த்தையும் உருப்படியாக அமையவில்லை. வந்ததும் சேற்றைக் கழுவினாள். பாவாடை, தோள்துணி, தலைத்துணி எல்லாம் முன்னைவிடச் சரியாகக் கட்டிக்கொண்டாள். நடந்ததைக் கேட்ட ஃபிகிலே தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணீர் வரச் சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் அந்தத் தண்ணீர் ஞாபகம் வந்தது.

இழவுக்குப் போனவர்கள் கை கழுவாமல் வீட்டுக்குள் வருவதில்லை. துக்க வீட்டு வாசலில் கழுவியது போதாது, தன் வீட்டு கேட்டிலும் ஒரு தடவை கழுவ வேண்டும் என்பது பெரியவரின் சொந்தச் சட்டம். ஒரு பேசினில் தண்ணீர் வைத்து, அதில் கற்றாழைத் துண்டு ஒன்றை நறுக்கிப் போட்டு கேட்டடியில் வைப்பது மகோட்டியின் வேலை. இத்தனை சனிக்கிழமையும் டெலிசிலே வைத்தாள், இத்தனை சனிக்கிழமையும் அவர் கையைக் கழுவினார்.

"வைக்காதீங்க அண்ணி" என்றாள் ஃபிகிலே. "வச்சா அவரைக் கேலி பண்ற மாதிரி இருக்கும்."

"வைக்கலைன்னா 'எனக்கு எல்லாம் தெரியும்'னு மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி இருக்குமேடி."

வைப்பதா, வேண்டாமா? பேசினை எடுத்தாள், கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். அவர் கோபமாக வந்தால் வேலை போச்சு. வெட்கத்தோடு வந்தாலும் போச்சு, வெட்கப்பட்ட பெரியவர்கள் கோபப்பட்டவர்களைவிட மோசம். கடைசியில் எப்போதும் செய்வதையே செய்தாள். அவர் இழவுக்குப் போனேன் என்றால் போனவர்தான். அவர் மானத்தைத் தன் கையால் அவிழ்க்க அவளுக்கு மனசு வரவில்லை. தண்ணீர் நிரப்பி, கற்றாழை நறுக்கிப் போட்டு, கேட்டடியில் வைத்துவிட்டுச் சமையல் குடிசை ஓரமாகப் போய்த் தலை குனிந்து நின்றாள்.

வெயில் சாயும்போது அவர் வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றார். பேசினைப் பார்த்தார். மிதக்கிற கற்றாழையைப் பார்த்தார். முற்றத்தில் கோழிகள்கூட நடக்காமல் நின்றதாக ஃபிகிலே பின்னாளில் ஊரெல்லாம் சொன்னாள். அது பொய், கோழிகள் மேய்ந்துகொண்டுதான் இருந்தன.

அவர் கையைக் கழுவவில்லை. கைத்தடியின் நுனியைத் தண்ணீரில் விட்டார். காய்ந்து ஒட்டியிருந்த சேற்றை, அதில் பதிந்திருந்த டெலிசிலேவின் விரல் தடத்தோடு, நிதானமாகக் கழுவினார்.

"ஃபிகிலே."

"என்ன பாபா?"

"உங்க அண்ணிகிட்ட சொல்லு. இனிமே சனிக்கிழமை தண்ணி வைக்க வேண்டாம். யாரும் சாகலை."

ஃபிகிலே திரும்பி, "அண்ணி, யாரும்... சாகலையாம்" என்றாள்.

"அப்புறம், வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு அம்மா சாப்பிட வருவாங்க."

"செத்தவங்கள்ல ஒருத்தங்களா பாபா?"

"வாயை மூடு." பெரியவர் கோட்டுப் பைக்குள் கை விட்டு ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். ஐஸ்கிரீம் பட்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. கேட் கல்லின் மேல் வைத்தார். "கிராம்பு. பல்லு எப்படி இருக்குன்னு கேளு."

டெலிசிலே தரையைப் பார்த்தபடி ஃபிகிலேவிடம் சொன்னாள். "பல்லு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லு. எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சுன்னும் சொல்லு. தப்புதான்னு சொல்லு. பூங்காவுல திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்றாங்க. கால்சட்டை போடணும், தலையில துணி கட்ட முடியாது. பாபா சரின்னு சொன்னாத்தான் உண்டு, இல்லைன்னா இல்லைன்னு சொல்லு."

ஃபிகிலே சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவர் கையை உயர்த்தினார்.

"கால்சட்டையா? நான் மரத்தைத்தானே பாத்தேன். எனக்கென்ன தெரியும்?" கேட்டைத் திறந்து உள்ளே வந்தார். கொஞ்ச தூரம் தள்ளி நின்றார். "இத்தனை மாசமா இந்த வீட்டுல இருக்கு. இப்படி ஒரு பேச்சு இந்தப் பொண்ணுக்குள்ள இருக்குன்னு எனக்குத் தெரியவே இல்லையே. அந்த பெஞ்சுல உக்காந்து, யாருன்னே தெரியாம வயிறு வலிக்கச் சிரிச்சேன். போகட்டும்னு சொல்லு. லிண்டானிகிட்ட நான் பேசிக்கறேன்."

டெலிசிலே குடிசைச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு விஷயம்" என்றார் பெரியவர். "சனிக்கிழமை நாங்க அங்க வருவோம். பாதையில எதிர்ல வந்தா உங்க அண்ணி எறங்க வேண்டாம். வீட்டுல பாதை என்னோடது. அங்க அவளோடது. நான் எறங்கி நிக்கறேன்."

"ஐயோ, எறங்கக் கூடாது பாபா!" என்றாள் டெலிசிலே. சொன்ன பிறகுதான் அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டது தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. "ரெண்டு பக்கமும் புதுசா நட்டிருக்கு. ஒரு காலடி பட்டாக்கூட அந்தக் கன்னுங்க தாங்காது."

பெரியவர் தொப்பியைக் கழற்றினார். முழங்கையால் விளிம்பைத் துடைத்தார்.

"அப்படியா?" என்றார், அவளிடமே. "அப்ப ஒண்ணும் செய்ய முடியாது. நேராத்தான் நடந்து போகணும், ரெண்டு பேரும்."

ஃபிகிலே வழக்கம்போலத் திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தாள். சொல்வதற்கு அவளுக்கு ஒன்றும் மிச்சமில்லை.